குப்பைக்காரர் யார்? சென்னைத் தெருக்களில் பொறுப்பு பகிரப்பட்ட வரலாறு

 

நினைவுச் சொற்பொழிவுக்குக் குப்பையைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு இலக்கிய அரங்காக இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய வீட்டுக்கு அந்த வேலையின் சம்பளம்தான் அரிசி வாங்கிக் கொடுத்தது. ஆகவே விளக்கம் சொல்லாமல் நேராகப் போகிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழில் 'காரர்' என்ற ஒட்டு பெரும்பாலும் உடைமையைச் சொல்லும். வீடு உடையவர் வீட்டுக்காரர். பணம் உடையவர் பணக்காரர். பால்காரர், கீரைக்காரர் என்று தொழிலைச் சொல்லும்போதும், நாம் காசு கொடுத்து வாங்கும்வரை அந்தப் பாலும் கீரையும் அவருடைய சரக்கு. 'குப்பைக்காரர்' என்பதில் மட்டும் கணக்கு தலைகீழாகிறது. குப்பை நம் வீட்டில் உண்டானது, நம் அடுப்படியிலும் நம் குளியலறையிலும் சேர்ந்தது. வண்டி வாசலில் நின்றதும் 'குப்பைக்காரர் வந்துட்டார்' என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. அதை உண்டாக்கியவர் வீட்டுக்காரராகவே இருக்க, அள்ளுகிறவர் அதற்கு உடையவர் ஆகிவிடுகிறார்.

இன்று நகரத்துச் சுவர்களில் 'எனது குப்பை எனது பொறுப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல வாசகம்தான். அந்த 'எனது' யாரைக் குறிக்கிறது, பொறுப்பு எப்போது, யாருக்கும் யாருக்கும் நடுவில் பகிரப்பட்டது என்பதுதான் இந்த உரையின் கேள்வி. பொறுப்பைப் பற்றிய பேச்சு நூறு ஆண்டுகளாகப் பகிரப்பட்டு வந்திருக்கிறது. வேலை பகிரப்படவில்லை என்பது என் வாதம்.

ஊரில் குப்பை என்பது எருவுக்கான பெயராகவும் இருந்தது. சாணமும் சாம்பலும் சருகும் சேர்ந்த குப்பைமேடு ஒரு குடும்பத்தின் சொத்து. கோடையில் வண்டி கட்டி நிலத்துக்குக் குப்பை அடிப்பார்கள். அதைத் தொடுவதில் எந்தச் சாதிக்கும் தீட்டு இல்லை, ஏனென்றால் அது மறுபடி நெல்லாகி வரும். செத்த மாட்டுக்கும் மலத்துக்கும்தான் வேறு ஆள் வைத்திருந்தார்கள். நகரத்துக்கு வந்ததும் எருவும் அழுக்கும் ஒரே தொட்டியில் விழுந்தன. நிலம் இல்லாத ஊரில் எருவுக்கு மதிப்பு போய்விட்டது. தீட்டு மட்டும் மிஞ்சி எல்லாக் குப்பைக்கும் பரவியது. தீட்டு ஏதோ கிராமத்துப் பழமையின் எச்சம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாழைத்தோலைத் தீட்டாக்கியது நவீன நகரம்.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. அதன் முதல் இரு நூற்றாண்டுகளைப் பற்றி இங்கே நான் அதிகம் சொல்லப்போவதில்லை. காலராவும் காய்ச்சலும் வெள்ளையர் குடியிருப்புகளை எட்டத் தொடங்கிய பிறகே ஊர் சுத்தம் ஓர் ஆட்சிப் பிரச்சினை ஆனது. 'கன்சர்வன்சி' என்ற சொல் அப்போது நம் ஊருக்கு வந்தது. மாட்டுவண்டி, கூடை, துடைப்பம், மேஸ்திரி, மஸ்டர் என்று ஒரு துறை உருவானது. நிலமின்மையும் பஞ்சமும் நகரத்துக்குத் துரத்திய மக்களில் யாருக்கு ஆலை வேலை, யாருக்குத் துறைமுக வேலை, யாருக்குத் துடைப்பம் என்பதைச் சாதி பார்த்தே பிரித்தார்கள். தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர்களும் அருந்ததியரும் பறையர் சமூகத்தவரும் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் குப்பை அகற்ற ஏற்பாடு செய்வதை மாநகராட்சியின் கடமையாகவும், கண்ட இடத்தில் குப்பையை எறியாமல் இருப்பதைக் குடியிருப்போரின் கடமையாகவும் வைத்தது. அதாவது கூட்டுப் பொறுப்பு என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, நூறு வயது தாண்டியது. ஆனால் அந்தக் காலத்து வடஇந்தியச் சட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் 'பொறுப்பு' யார் தலையில் ஏறியது என்பது தெரியும். ஐக்கிய மாகாணங்களின் 1916ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், ஒரு வீட்டை வழக்கமுறைப்படி சுத்தம் செய்துவரும் தோட்டி அதைச் சரியாகச் செய்யத் தவறினால் வீட்டுக்காரர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம் என்றது. அவருக்குப் பத்து ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பஞ்சாபின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போக்கு உண்டு. வழக்கம் என்ற பெயரில் சாதி நகராட்சிச் சட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. குப்பையைப் போட்டவருக்கும் அபராதம், எடுக்காதவருக்கும் அபராதம். முதலாவது வசூலானதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சென்னையில் பிறப்பைச் சட்டத்தில் எழுதத் தேவைப்படவில்லை. அதை மஸ்டர் பார்த்துக்கொண்டது. அப்பா இறந்தால் மகனுக்கு, கணவர் இறந்தால் மனைவிக்கு என்று வேலை கைமாறியது. இதைச் சங்கிலி என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். மாநகராட்சியின் நிரந்தரப் பணி மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் ஓய்வூதியமும் தந்தது. சேரியில் கடன்காரர் வாசலில் நிற்காத வீடு என்றால் அது மாநகராட்சி வேலைக்காரரின் வீடு. அந்தச் சம்பளத்தில்தான் முதல் தலைமுறை ஆசிரியர்களும் எழுத்தர்களும் செவிலியர்களும் வந்தார்கள். அந்தப் படிக்கட்டு எப்போது உடைக்கப்பட்டது என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலை சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் பலர் வாசித்திருப்பீர்கள். ஆலப்புழை நகராட்சியில் மூன்று தலைமுறைத் தமிழ்த் தோட்டிகளின் கதை. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று நினைக்கும் சுடலைமுத்துவை நகராட்சியின் கொடுக்கல் வாங்கல்கள் என்ன பாடு படுத்துகின்றன என்பதை அதில் பார்க்கலாம். வரலாற்றாசிரியர்கள் தொடாத மஸ்டரை ஒரு நாவல் 1947இலேயே திறந்து காட்டியது.

இனி தலைவர்களிடம் வருவோம். காந்தி இந்த வேலையைக் கேவலமாகக் கருதவில்லை, தன் கையால் செய்தார், ஆசிரமவாசிகளையும் செய்ய வைத்தார். அதை மறுப்பது நேர்மையில்லை. ஆனால் 1936இல் 'ஹரிஜன்' இதழில் லட்சியத் தோட்டியைப் பற்றி எழுதியவர், 1946இல் அதே இதழில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வது தவறு என்றும் எழுதினார். வேலை புனிதமாகிவிட்டால் அதை நிறுத்துவது பாவம் ஆகிவிடுகிறது. அம்பேத்கர் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். சாதி தொழிலைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, தொழிலாளரையே மேல் கீழாக அடுக்கிவைக்கிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் வாதிட்டார். துப்புரவாளர் அந்த வேலையைச் செய்வதால் துப்புரவாளர் ஆகவில்லை, பிறப்பால் ஆக்கப்படுகிறார் என்பது காந்தியத்தைப் பற்றி அவர் 1945இல் எழுதியதன் சாரம். ஒரு பிராமணர் துடைப்பம் எடுத்தால் அவர் தியாகி. துடைப்பத்தைக் கீழே போடும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு.

அந்த உரிமை இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை டெல்லி பார்த்தது. 1957 ஜூலை 31 அன்று, துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, வால்மீகி குடியிருப்பில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பூப் சிங் என்பவர் இறந்தார். இன்றும் வடஇந்தியாவில் அந்த நாளைத் துப்புரவுத் தொழிலாளர் தினமாக நினைவுகூர்கிறார்கள். மே தினம் கொண்டாடும் நம் தொழிற்சங்கங்களின் நாட்காட்டியில் அந்தத் தேதியைக் காணோம். அதே டெல்லியின் வால்மீகி பஸ்தியில்தான் 2014 அக்டோபர் 2 அன்று பிரதமர் துடைப்பம் பிடித்து 'தூய்மை இந்தியா'வைத் தொடங்கினார். எல்லோரும் துடைப்பம் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை துடைப்பம் யார் கைக்குத் திரும்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்னைத் தெருவுக்குத் திரும்புகிறேன். கூட்டுப் பொறுப்பு என்ற சொல்லுக்கு நம் நகரத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. நீண்ட காலம் தெருமுனைக் குப்பைத் தொட்டிதான் முறையாக இருந்தது. தொட்டியைச் சாதாரணப் பொருளாக நினைக்காதீர்கள். போடுகிறவரும் எடுக்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாத ஏற்பாடு அது. பழைய உலர் கழிப்பறைக்குப் பின்வாசல் சந்து எப்படியோ, குப்பைக்குத் தெருத்தொட்டி அப்படி. வீசி எறிந்தவுடன் அது 'மாநகராட்சிக் குப்பை' ஆகிவிடும். தொட்டிக்குள் விழுந்ததா, பக்கத்தில் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும் கிடையாது.

1989இல் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கம் தொடங்கியது. தெருக்காரர்கள் ஒன்றுகூடி, தொட்டியை அகற்றிவிட்டு, வீடுவீடாகக் குப்பை சேகரிக்க மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்திக்கொள்வது அதன் முறை. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் ஒரு சிறு தொகை வசூலித்து அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவருக்குத் 'தெருவை அழகுபடுத்துபவர்' என்று பெயரும் வைத்தார்கள். குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் பலர் இதனால் வண்டியும் மாத வருமானமும் பெற்றார்கள். தங்கள் குப்பைக்குத் தாங்களே பொறுப்பு என்று நடுத்தர வர்க்கம் முதல்முறையாகப் பேசியதும் அப்போதுதான். இந்த நன்மைகளை மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றுக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. மாநகராட்சி மஸ்டரில் இருக்கும் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, விடுப்பு உண்டு, ஓய்வூதியம் உண்டு. தெருவால் அமர்த்தப்பட்டவருக்கு இருந்தது தெருவின் கருணை. பொறுப்பைத் தெரு எடுத்துக்கொண்டது என்பதன் நடைமுறைப் பொருள், முதலாளி இடத்தைத் தெரு எடுத்துக்கொண்டது. முதலாளிக்குரிய கடமைகள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டுப் பொறுப்பில் வீட்டுக்காரரின் பங்கு பணமாகவும், தொழிலாளியின் பங்கு உடம்பாகவும் இருந்தது.

மாநகராட்சியும் இதிலிருந்து பாடம் கற்றது. 2000இல் நகரத்தின் ஒரு பகுதி ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, பிறகு ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத் என்று ஒப்பந்தங்கள் மாறின. ஓனிக்ஸுக்கு எடைக்கு ஏற்பப் பணம். டன் கணக்கில் பணம் வரும்போது குப்பையைக் குறைப்பதிலும் பிரிப்பதிலும் யாருக்கு அக்கறை இருக்கும்? எல்லாம் கலந்து, ஈரத்தோடு, எடையோடு லாரியில் ஏறி வடக்கே கொடுங்கையூருக்கோ தெற்கே பெருங்குடிக்கோ போவதே லாபம். பின்னால் வந்த ஒப்பந்தங்கள் இதைத் திருத்த முயன்றன. தொழிலாளியைப் பொறுத்தவரை மாற்றம் ஒன்றுதான்: அப்பாவுக்கு மாநகராட்சி அடையாள அட்டை, மகளுக்குக் கம்பெனி சட்டை. படிக்கட்டு உடைந்தது இங்கேதான். மூன்றாம் தலைமுறை ஏறவேண்டிய நேரத்தில் படிகளை எடுத்துவிட்டார்கள். 2020இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. தோட்டி, துப்புரவுத் தொழிலாளி, தெருவை அழகுபடுத்துபவர், தூய்மைப் பணியாளர், கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர். பெயர் உயர்ந்துகொண்டே வந்தது, பணிப் பாதுகாப்பு இறங்கிக்கொண்டே போனது.

2025 ஆகஸ்ட் முதல் தேதி ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது, பணியை நிரந்தரமாக்க வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகள். 13ஆம் தேதி நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களைப் பிடித்துப் பேருந்துகளில் ஏற்றியது. மறுநாள் அரசு இலவசக் காலை உணவு உட்பட நலத் திட்டங்களை அறிவித்தது. கேட்டது வேலைக்கான உரிமை, கிடைத்தது சிற்றுண்டி.

அந்தப் போராட்டத்தையொட்டி நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலையே நிரந்தரமாக்கக் கேட்பதாகாதா? இந்த வேலையிலிருந்து வெளியேறுவது அல்லவா நம் கோரிக்கை? கேள்வி நியாயமானது, அம்பேத்கரிடமிருந்து வருவது. ஆனால் 2019இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு அழைப்பு விடுத்தபோது ஏழாயிரம் பேர் அளவில் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். அரசுச் சம்பளமும் நிரந்தரமும் சேர்ந்தால் இந்த வேலைக்கும் எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களில் யார் சில மாதங்களில் அலுவலக மேசைக்கு மாறிக்கொள்கிறார்கள், யார் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பது சங்கத்தோழர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தடுக்க வேண்டும், அது வேறு சண்டை. ஆனால் மலிவான, பாதுகாப்பற்ற கூலிதான் இந்த வேலையைச் சாதியோடு கட்டிப்போடுகிறது. நிரந்தரம் கேட்பதும் வெளியேற்றம் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதே என் தரப்பு.

இப்போது வீட்டுக்குள் வருகிறேன். 2016இல் ஒன்றிய அரசு திடக்கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. குப்பையை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதை மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அவை சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. குழந்தைகளின் டயப்பரையும் மாதவிடாய் நாப்கினையும் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அடைப்புக் குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை தம் வளாகத்திலேயே உரமாக்கவேண்டும் என்றன. குப்பை பொறுக்குவோரையும் இந்த முறைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இதைச் சுற்றுச்சூழல் விதியாக வாசித்தார்கள். நான் இதைத் தீண்டாமை ஒழிப்பு விதியாகவும் வாசிக்கிறேன்.

பிரித்தல் என்ற வேலை எங்காவது நடந்தே ஆகவேண்டும். வீட்டில் நடக்காவிட்டால் வண்டியருகே நடக்கும். அங்கும் நடக்காவிட்டால் குப்பைமேட்டில் நடக்கும். வீட்டில் அது ஒருவருக்கு அரை நிமிட வேலை. வண்டியருகே அது ஒரு பெண் இருநூறு வீடுகளின் நாப்கினையும் அழுகிய சோற்றையும் உடைந்த கண்ணாடியையும் கையால் துழாவும் வேலை. குப்பைமேட்டில் புகைக்கு நடுவே நடக்கும் வேலை. 1919இன் சட்டம் வீட்டுக்காரரிடம் தெருவில் எறியாதே என்று மட்டுமே கேட்டது. 2016இன் விதி, உன் கழிவை உன் கையால் தொட்டுப் பிரி என்றது. நகராட்சி வரலாற்றில் வீட்டுக்காரரின் கை இத்தனை நேரடியாகச் சட்டத்துக்குள் வந்தது அப்போதுதான். அந்த இடத்தில்தான் விதி தோற்றுக்கொண்டே இருந்தது. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் கொடுத்தார்கள். பல வீடுகளில் அவை தண்ணீர் பிடிக்கவும் வெங்காயம் வைக்கவும் பயன்பட்டன. இதை 'விழிப்புணர்வு இல்லாமை' என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். பங்குச் சந்தை ஏற்ற இறக்கத்தைக் கைபேசியில் கணிக்கும் குடும்பத்துக்கு வாழைத்தோலையும் பால் உறையையும் வேறுபடுத்தத் தெரியவில்லை என்பதை நம்பச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும். அதைச் செய்யத் தனியாக ஆள் பிறந்திருக்கிறார் என்பதும் அவர்கள் எண்ணத்தில் ஊறிப்போயிருக்கிறது.

நம் பக்கமும் ஒரு சொல். அடுக்குமாடிக்கு வந்துவிட்ட தலித் நடுத்தர வர்க்கம் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பாட்டி கூடை சுமந்த வீட்டிலேயே கலந்த குப்பையைக் கட்டி வெளியே வைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. மறுபுறம், வாரத்தில் சில நாட்களே வண்டி வரும் சேரிகளிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் 'பொறுப்பில்லாத மக்கள்' என்று அபராதம் விதிக்கக் கிளம்புவதை ஏற்கக் கூடாது. வண்டியே வராத தெருவில் கூட்டுப் பொறுப்பு என்று ஒன்று இருக்க முடியாது.

தெருவைத் தாண்டியும் இதே பங்கீடுதான். தென்சென்னையின் சுத்தமான தெருக்களிலிருந்து கிளம்பும் லாரி பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் கொட்டியது. அங்கே பறவைகள் இருந்ததால் சதுப்பு நிலம் நாடு முழுவதும் தெரியவந்தது, 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கொடுங்கையூரில் இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பன்னாட்டுப் பட்டியல் எதுவும் இல்லை. இப்போது அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்கிறார்கள், வடசென்னை மக்கள் எதிர்க்கிறார்கள். பிரிக்காத குப்பையை எரித்தால் வரும் புகை எந்த நுரையீரலுக்குப் போகும் என்பதும் பொறுப்பைப் பகிரும் கேள்விதான். ஒவ்வொரு மண்டலமும் தன் குப்பையைத் தன் எல்லைக்குள் கையாள வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அடையாறில் ஓர் உரக்கூடம் வைக்க எத்தனை குடியிருப்போர் சங்கங்கள் கையெழுத்திடும் என்று அப்போது தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் 'சென்னையின் மனிதநேயம்' என்று எல்லோரும் எழுதினார்கள். படகு ஓட்டியவர்களும் உணவுப் பொட்டலம் கொடுத்தவர்களும் படங்களில் வந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் மெத்தையும் சேறும் செத்த விலங்கும் மலைமலையாகக் கிடந்தன. அவற்றை அள்ளப் பிற மாவட்ட நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் பேருந்துகளில் கொண்டுவரப்பட்டார்கள். பலர் கையுறை இல்லாமல் வேலை செய்தார்கள். தன்னார்வலர் வெள்ளம் அந்தச் சேற்றின் ஓரத்தில் நின்றுவிட்டது. மனிதநேயத்துக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு, அது எந்தப் பொருளைத் தொடுவது என்பதில் இருக்கிறது.

இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு கோரிக்கை. சென்னை மாநகராட்சியின் சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் மேயர்களுக்கும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கன்சர்வன்சி மஸ்டரின் வரலாறு எழுதப்படவில்லை. எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், எந்தக் குடியிருப்பில் வைக்கப்பட்டார்கள், எப்போது அங்கிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டார்கள், எந்த ஆண்டு எந்த வேலைநிறுத்தம் நடந்தது என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். ஆவணம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓய்வுபெற்ற அம்மாக்கள் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காருங்கள். எந்தத் தெருவில் யார் வாளியைக் கையில் கொடுத்தார்கள், யார் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.